மாநிலக் கால் டாலர்கள்: எத்தனை இருந்தால் தொகுப்பு முழுமை?

அமெரிக்க மாநில நினைவுக் கால் டாலர்களில் 50 வடிவங்களும் கிடைத்துவிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1999 முதல் 2008 வரை ஆண்டுக்கு ஐந்தாக வெளிவந்த அவை ஒவ்வொன்றும் ஃபிலடெல்ஃபியா, டென்வர் ஆகிய இரு நாணயச்சாலைகளிலும் புழக்கத்துக்காக அடிக்கப்பட்டதால், முன்பக்கத்தில் உள்ள ஜார்ஜ் வாஷிங்டன் உருவத்தின் பின்தலை முடிக்கு அருகே ‘பி’ அல்லது ‘டி’ என்று பொறித்திருக்கும் சிற்றெழுத்தையும் பார்த்து, 100 நாணயங்களைச் சேர்ப்பதே முழுமை என்பேன். 2009இல் கொலம்பியா மாவட்டத்துக்கும் (தலைநகர் வாஷிங்டன்) ஐந்து ஆட்சிப்பகுதிகளுக்கும் வந்தவற்றைச் சேர்த்தால் 112 ஆகும்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் சேகரிப்பாளர்களுக்கென்றே பளபளப்பாக அடிக்கப்பட்ட ‘எஸ்’ நாணயங்களை, அவற்றின் வெள்ளிப் பதிப்பு உட்பட, தனித் தொகுப்பாக வைப்பதே நல்லது. சோளக்கதிரில் கூடுதல் இலை தெரியும் 2004ஆம் ஆண்டு டென்வர் விஸ்கான்சின் நாணயம் பிழைவகை (அச்சுப் பிழையால் வேறுபட்டது) என்பதால் கட்டாயமில்லை. ஆனாலும் உருப்பெருக்கியில் அந்த இலையைக் காணும் மகிழ்ச்சியே தனி.