சாட்சி சொல்வது (நம் விசுவாசத்தைப் பிறருக்குச் சொல்வது) எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா, நான் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறேன். மதியம் சாப்பிடும் முன் ஜெபிக்கவே கூச்சமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

அந்த ஜெபத்திலிருந்தே ஆரம்பியுங்கள் தம்பி. சத்தம் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். யாராவது "என்ன வேண்டிக்கிட்டே?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். நம் நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்று இயேசுவின் சீடர் பேதுரு எழுதியது, அவதூறு சுமந்து வாழ்ந்த சின்னாசியா (இன்றைய துருக்கி) விசுவாசிகளுக்கு. அப்புறம், அடுத்தவர் உழைப்பை உங்கள் பெயரில் காட்டாதீர்கள். அப்படிச் செய்பவரிடம் யாரும் விசுவாசத்தைப் பற்றிக் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வாட்ஸாப் குரூப்பில் மற்ற தெய்வங்களைக் கேலி செய்யும் வீடியோக்கள் வருகின்றன. சத்தியத்தைச் சொல்வதுதானே தைரியம்?

கேலி தைரியம் இல்லை ஐயா. தயவுசெய்து அவற்றை அனுப்பாதீர்கள். எபேசுவில், கையால் செய்யப்பட்டவை தெய்வங்கள் அல்ல என்று பவுல் வெளிப்படையாகவே போதித்தார். அங்குள்ள தேவிக்கு வெள்ளியில் சிறு கோவில்கள் செய்து விற்ற தட்டார்கள், பிழைப்புக்கு ஆபத்து என்று ஊரையே கிளப்பினார்கள். அந்தக் கலவரத்தின் நடுவிலும் பட்டணத்து அதிகாரி எழுந்து, பவுலின் தோழர்களைக் காட்டி, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கவில்லை என்று சொன்னார் (அப்போஸ்தலர் 19). எதிர்த்தரப்பே அப்படிச் சொல்லும்படி நாம் பேசுகிறோமா?

ஜெர்மனியிலிருந்து வந்த மிஷனரி சீகன்பால்குவையும் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், சிறுபிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். இங்குள்ளவர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பி, அவர்கள் சொன்ன பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அனுப்பினார். அவர் எழுத்தில் இன்று நம்மை உறுத்தும் கடுமையும் உண்டுதான். ஆனால் அவர் முதலில் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் எதை நம்புகிறார், ஏன் நம்புகிறார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

பக்கத்து வீட்டு அக்கா பிரசாதம் தருகிறார். வாங்கினால் மனசாட்சி உறுத்துகிறது. மறுத்தால் அவர் முகம் வாடுகிறது.

விசேஷ நாளில் வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள் அம்மா. சாதாரண நாளில், பேசிக்கொண்டிருக்கும்போது, "படைத்ததை மட்டும் நான் சாப்பிடுவதில்லை அக்கா, உங்கள் கொழுக்கட்டை எனக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லுங்கள். படைப்பதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துத் தருகிறவர்கள் நம் ஊரில் நிறைய உண்டு. சிரித்துக்கொண்டே வாங்கி, பின்வாசல் வழியாகக் குப்பையில் போடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆஸ்பத்திரி வார்டில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா?

எனக்குச் சம்மதமில்லை. படுத்திருப்பவரால் எழுந்து போக முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் பேசுவது ஊழியம் ஆகாது. கஞ்சி வாங்கிக் கொடுங்கள், துணைக்கு இருப்பவரைக் கொஞ்சம் தூங்கவிட்டு நீங்கள் உட்காருங்கள். "ஜெபிக்கட்டுமா?" என்று ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அதோடு சரி, கஞ்சி மட்டும் மறுநாளும் வரட்டும். ஜெபித்தால் போதும், மாத்திரையை நிறுத்துங்கள் என்று ஒருபோதும் சொல்லாதீர்கள்.

சட்டப்படி இதற்கெல்லாம் அனுமதி உண்டா?

உண்டு. அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சில மாநிலங்களில் தனிச் சட்டங்களும் உண்டு. பணமோ வேலையோ காட்டி அழைப்பது சட்டத்துக்கு முன்பே சுவிசேஷத்துக்கு விரோதம்.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் விசுவாசி. அப்பாவிடம் பேசினாலே சண்டையில் முடிகிறது அண்ணா.

கொஞ்ச நாள் அந்தப் பேச்சை விடுங்கள் தங்கச்சி. நீங்கள் சத்தியத்தைச் சொல்கிறீர்கள், அவருக்கோ மகள் கைவிட்டுப் போகிறாள் என்று கேட்கிறது. அந்தப் பயம்தான் கோபமாக வருகிறது. தாத்தா திதியன்று வெளியே கிளம்பிப் போகாதீர்கள். சடங்கில் சேர முடியாவிட்டாலும், வந்தவர்களுக்குப் பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம். அவரை டாக்டரிடம் கூட்டிப்போவது உங்கள் வேலையாக இருக்கட்டும். விசுவாசத்தை மறைக்கவும் வேண்டாம், ஞாயிறு எங்கே போகிறாய் என்று கேட்டால் சபைக்கு என்றே சொல்லுங்கள். ஞானஸ்நானம் எடுக்க முடிவு செய்தால், உறவுக்காரர் சொல்லி அவருக்குத் தெரியவரக் கூடாது. நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள், அவர் எவ்வளவு நேரம் திட்டினாலும் எழுந்து போகாதீர்கள்.