புதுக் காயாவும் புளியங்கொட்டையும்

கோ என்பது கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்து இடம் வளைக்கும் பலகை ஆட்டம். அந்த ஆட்டப் பெட்டி பற்றி வந்த ஒரு கடிதத்துக்குப் போன முறை இரண்டே வரியில் பதில் எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: மகளுக்கு 11 வயது. கோ கற்றுக்கொள்ள வேண்டுமாம். வீட்டில் யாருக்கும் ஆடத் தெரியாது. 19 கோட்டுப் பலகையும் கண்ணாடிக் காய்களும் சேர்த்து 5,800 ரூபாய் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: இப்போது வேண்டாம். ஒரு அட்டையில் குறுக்கே 9, நெடுக்கே 9 கோடு போடுங்கள். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குச் சட்டைப் பொத்தான், ஆளுக்கு 40 போதும். காயைக் கட்டத்துக்குள் வைக்கக் கூடாது, கோடுகள் வெட்டும் புள்ளியில் வைக்க வேண்டும். ஆடுபுலி ஆட்டம் ஆடிய கைக்கு இது பழக்கம்தான். புலி நகர முடியாதபடி ஆடுகள் அடைக்கும் அல்லவா, அதுபோல எதிராளியின் காயை ஒட்டிய காலிப் புள்ளிகளை எல்லாம் அடைத்துவிட்டால் அந்தக் காய் உங்களுக்கு. ஆனால் இங்கே வைத்த காய் நகராது. கடைசியில் யார் அதிக இடம் வளைத்தார் என்பதுதான் கணக்கு.

19 கோட்டுப் பலகையில் 361 புள்ளி. புதிதாக ஆடுகிறவர் எங்கே வைப்பது என்று தெரியாமல் பாதியில் எழுந்து போய்விடுவார். ஒரு மாதம் கழித்தும் மகள் கேட்டால், முன்புறம் 13 கோட்டுப் பலகை, திருப்பினால் 9 கோட்டுப் பலகை என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: 'கோ செட்' என்று போட்டிருந்ததை நம்பி இணையத்தில் 900 ரூபாய்க்கு வாங்கினேன். பலகையில் 15 கோடுதான் இருக்கிறது. கேட்டால், "இதுவும் கோதான் சார், அஞ்சு காயை வரிசையா அடுக்கணும், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார்கள். (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: ஐயா, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்கள் அனுப்பியது கோமொக்கு. காய் ஒரே மாதிரி, ஆட்டம் வேறு. விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளை விற்றவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் இணைய வணிக விதிகள் சொல்கின்றன. விற்பனைப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இனிமேல் போனில் பேசாதீர்கள், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 900 ரூபாய்க்கா இவ்வளவு என்று யாராவது சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இவர்கள் கடை நடத்துகிறார்கள்.

கேள்வி: மடக்கும் காந்தப் பலகை எப்படி?

பதில்: ரயிலுக்கு நல்லது. வீட்டில் அந்தக் குட்டிக் காயை எடுக்கப் பல்குச்சி தேடுவீர்கள். என்னிடம் ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஷின்காயா' மரப் பலகை 22,000 ரூபாய். அபூர்வ ஜப்பானிய மரம், பரம்பரைச் சொத்தாக இருக்கும் என்கிறார் விற்பவர். (ஐ.டி. ஊழியர், கோவை)

பதில்: காயா என்பது கோ பலகைக்குப் பேர் போன ஜப்பானிய மரம். ஜப்பானிய மொழியில் 'ஷின்' என்றால் புது. புதுக் காயா என்றால் காயா இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். நம் ஊர் ஜவுளிக்கடையில் 'ஆர்ட் சில்க்' என்று விற்பார்களே, அதே வித்தை. அங்கே ஆர்ட் என்பது ஆர்ட்டிஃபிஷியல், கலை அல்ல. மரக்கடையில் 'தேக்கு ஃபினிஷ்' என்பார்கள், தேக்கின் நிறம் மட்டும் இருக்கும். பொய் சொல்லாமலே பொய் சொல்வதற்கென்று வைத்த பெயர்கள் இவை. எனக்கு வியாபாரத்தில் மிகவும் எரிச்சல் தருவது இதுதான்.

அசல் காயா மிக மெதுவாக வளரும். கனமான பலகைக்கு ஒரே துண்டு மரம் கிடைக்க நூற்றாண்டுகள் ஆகும். அதனால்தான் அசல் பலகை லட்சக்கணக்கில் போகிறது. காய்களிலும் இந்தக் கதை உண்டு. ஜப்பானில் மியாசாகியின் ஹியூகா கடற்கரைச் சிப்பியில் செய்த வெள்ளைக் காய்கள் பேர் போனவை. அந்தச் சிப்பி அரிதாகிவிட்டதால் இப்போது மெக்சிகோ சிப்பியில் செய்கிறார்கள். அதைச் சொல்லியே விற்கிறவர் யோக்கியர்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நானும் ஒரு ஷின்காயா வாங்கினேன். ஒரு வருடம், வருவோர் போவோரிடமெல்லாம் "காயா" என்று சொல்லிக் காட்டினேன். விஷயம் தெரிந்த ஒருவர் பலகையைத் திருப்பி ஓரத்து ரேகையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் காபியைக் குடித்தார். சரி, ஸ்ப்ரூஸ் பலகை மோசமில்லை, ஆட நன்றாகவே இருக்கும். ஸ்ப்ரூஸ் விலை கொடுங்கள். அந்த மரத்தின் தாவரப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: பலகை சதுரமாக இல்லை, ஒரு பக்கம் 3 செ.மீ. நீளம். கறுப்புக் காய் வெள்ளையைவிட ஒரு பொட்டு பெரிது. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: கூடாது. சுமார் 42க்கு 45 செ.மீ. என்பதே ஜப்பானிய அளவு. உட்கார்ந்து சாய்வாகப் பார்க்கும்போதுதான் சதுரமாகத் தெரியும். வெள்ளை கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் என்பதால் கறுப்பைக் கொஞ்சம் பெரிதாகச் செய்கிறார்கள். நல்ல செட் வாங்கியிருக்கிறீர்கள், பத்திரமாக வையுங்கள்.

கேள்வி: 'உலகின் பலமான கணினியோடு கோ ஆடுங்கள்' என்ற ஆப்பில் ஏதோ ஒரு பட்டனை அழுத்தினேன். ஆப்பை அழித்த பிறகும் மாதம் 399 ரூபாய் போகிறது. இதுவரை 40 ஆட்டம் ஆடி எல்லாவற்றிலும் தோல்வி. (கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: 'ஏதோ ஒரு பட்டன்' என்று எழுத உங்களுக்கே கூச்சமாக இல்லையா தம்பி? ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. ஆப் ஸ்டோரில் சந்தா பகுதிக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். யு.பி.ஐ.யில் ஆட்டோபே இருந்தால் அதையும் நிறுத்துங்கள். 2016இல் சியோலில், கோ ஆட்டத்தில் பெரிய வீரரான லீ செடோலையே ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல் 4-1 என்று வீழ்த்தியது. 30 கியூ என்ற கடைசிப் படியில் நிற்கும் நீங்கள் காசு கொடுத்து அதன் இனத்து நிரல்களிடம் தோற்பானேன்? ஆன்லைன் கோ சர்வரில் இலவசமாக, மனிதர்களிடமே தோற்கலாம். முதல் 50 ஆட்டத்தைச் சீக்கிரம் தோற்று முடி என்று கோ ஆடுகிறவர்கள் சொல்வார்கள். உங்களுக்கு இன்னும் 10 பாக்கி.

கேள்வி: பெட்டி வந்து நாலு மாதம் கழித்துத் திறந்தேன். ஒவ்வொரு நிறத்திலும் 20 காய் குறைகிறது. யார் பொறுப்பு?

பதில்: நீங்கள். முழு செட்டில் கறுப்பு 181, வெள்ளை 180. ஆனால் 160 போட்டே விற்பவர்களும் உண்டு, அத்தனை காயும் பலகையில் இறங்கும் ஆட்டம் அபூர்வம். பெட்டியைத் தூக்கிப் போடவில்லை என்றால், அதில் என்ன எண்ணிக்கை அச்சிட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.