குறைந்த செலவில் தரமான உயர்கல்வி: பெற்றோர், மாணவர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (ஒரு தாய், சாவகச்சேரி): ஐயா, முதற்தடவை உயர்தரம் எழுதிய மகள் முகாமைத்துவத்துக்கான வெட்டுப்புள்ளியைச் சிறு வித்தியாசத்தில் தவறவிட்டாள். தனியார் நிறுவனமொன்று வெளிநாட்டுப் பட்டத்துக்குப் பன்னிரண்டு இலட்சம் கேட்கிறது. காணியை ஈடு வைக்கலாமா?

பதில்: அம்மா, காணி உறுதியை வெளியே எடுப்பதற்கு முன், பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று நீங்களே எழுதிக் கேளுங்கள், நிறுவனத்தின் விளம்பரம் அதற்குச் சான்றாகாது. பதிவுக்கட்டணமும் பரீட்சைக்கட்டணமும் அந்தத் தொகைக்குள் அடங்குமா, அவற்றை ரூபாவிலா பவுணிலா செலுத்தவேண்டும் என்பதையும் எழுத்தில் பெறுங்கள். 2022 இல் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. டொலரில் கணக்கிடப்பட்ட தவணை எதுவும் அப்போது ஒன்றே முக்கால் மடங்காகியிருக்கும்.

உயர்தரத்தை மூன்று தடவைகள் எழுதலாம் என்பதால், இவ்வளவு நெருங்கி வந்த பிள்ளை இன்னொருமுறை எழுதுவதே செலவு குறைந்த வழி. மூன்று பாடங்களிலும் சித்தியிருந்தால் யாழ்ப்பாண உயர் தொழில்நுட்பவியல் நிறுவகத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமாவுக்கும் விண்ணப்பிக்கட்டும். முழுநேரக் கற்கைக்குக் கல்விக்கட்டணம் இல்லை. பட்டம் என்ற சொல்லுக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பில் கால்பங்கைக்கூட இக்கற்கைநெறிக்குக் கொடுக்காதது எனக்கு நெடுநாளைய மனவருத்தம்.

கேள்வி (மாணவர், நெல்லியடி): ருகுணுப் பல்கலைக்கழகத்தில் விவசாயபீடம் கிடைத்துள்ளது. தூரம் என்பதால் இங்கேயே பணம் கட்டிப் படிக்குமாறு வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, மாத்தறைப் பக்கத்துக் கம்புறுப்பிட்டிக்குப் போகும் பயணம் நீண்டதுதான், ஆனால் அரச பல்கலைக்கழகத்தில் கல்விக்கட்டணம் இல்லை, தகுதியிருந்தால் 1981 முதல் வழங்கப்படும் மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. விடுதி, சாப்பாடு, வருடத்தில் சில பஸ் பயணங்கள் ஆகியவற்றை நான்கு ஆண்டுக்குக் கூட்டி, இங்கு கட்டவிருக்கும் தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். கிடைத்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (எழுதுவினைஞர், பருத்தித்துறை): வேலையை விடாமல் பட்டம் பெற முடியுமா?

பதில்: முடியும். 1980 இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. பதிவு செய்யும் பாடங்களுக்கேற்பவே கட்டணம் என்பதால், முதலாண்டில் குறைவான பாடங்களை எடுத்து, வேலைநாள் முடிந்தபின் உண்மையில் எத்தனை மணிநேரம் படிக்க இயலுகிறது என்று பார்த்தபின் கூட்டிக்கொள்ளுங்கள்.