செமி-ஆட்டோ ஷாட்கன் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

அமெரிக்காவில் வார இறுதிகளில் க்ளே தட்டு (காற்றில் எறியப்படும் களிமண் தட்டு) சுடப் போகும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ட்ராப், ஸ்கீட், ஸ்போர்ட்டிங் க்ளேஸ் என்ற மூன்று வகைத் தட்டு விளையாட்டுகளையும் மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். செமி-ஆட்டோ ஷாட்கன் என்றால், ரவை என்ற சிறு குண்டுகள் நிறைந்த தோட்டாவைச் சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி.

கேள்வி: அண்ணா, ஹெச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். நண்பர்களோடு ஸ்போர்ட்டிங் க்ளேஸ் போனதில் ரொம்பப் பிடித்துவிட்டது. சொந்தமாக எதை வாங்கலாம்?

துப்பாக்கியைப் பிறகு பார்ப்போம் தம்பி, முதலில் வேட்டை உரிமம் எடுங்கள். குடியேற்றம் சாராத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அமெரிக்க மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 எல்லாம் இதில் அடக்கம். ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கடையில் வாங்குவது மட்டும் அல்ல, நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கி நாலு தட்டு சுட்டாலும் சிக்கல்தான். நம் ஆட்களில் பலருக்கு இது தெரியாது. அதனால்தான் இந்தக் கேள்வியை முதலில் வைத்தேன். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் தனி. வாங்குவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கேஸ் சிஸ்டமா, இனர்ஷியாவா? ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

தட்டு சுடுவதற்கு என்றால் கேஸ். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

கேஸ் துப்பாக்கியில், தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் கொஞ்சம் பேரலில் (குழலில்) உள்ள சிறு துளை வழியாகப் போய் ஒரு பிஸ்டனைத் தள்ளும். அது தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் போல்ட்டைப் பின்னால் தள்ளி, காலி ஷெல்லை வெளியே வீசி, அடுத்த தோட்டாவை ஏற்றும். இந்த வேலை நடக்கும் நேரத்தில் உதை கொஞ்சம் பரவி வருவதால் தோளுக்கு மென்மையாகத் தெரியும். பெரெட்டா ஏ300, ஏ400, மாஸ்பெர்க் 940, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 எல்லாம் இந்த வகை.

இனர்ஷியாவில் வாயுவுக்கு வேலை இல்லை. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது போல்ட்டின் எடை ஒரு கணம் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்த வித்தியாசத்தில் உள்ளே ஒரு ஸ்பிரிங் அமுங்கி, பிறகு விரிந்து வேலையை முடிக்கும். பெனெல்லிக்குப் பேர் வாங்கித் தந்தது இதுதான். உள்ளே கரி படியாது, எடை குறைவு, சேற்றிலும் மழையிலும் நாள் முழுக்க நடக்கும் வேட்டைக்காரருக்கு அருமையான பொருள். ஆனால் நாம் நூறு தட்டு சுட்டால் நூறு உதை. எடை குறைந்த துப்பாக்கியில் அறுபதாவது தட்டுக்கு மேல் தோள் தானாகப் பின்வாங்கும், சுடுவதற்கு முன்பே கண் சிமிட்டும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுபடுவது பெரும்பாடு. புதிதாகச் சுடுபவரை நான் இனர்ஷியா பக்கம் விடாததற்கு இதுதான் காரணம்.

கேள்வி: சார், என் இனர்ஷியா துப்பாக்கியில் 7/8 அவுன்ஸ் ரவை உள்ள தோட்டா போட்டால் காலி ஷெல் வெளியே வராமல் மாட்டிக்கொள்கிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. உதை போதவில்லை, அவ்வளவுதான். கொஞ்ச நாள் 1⅛ அவுன்ஸ் தோட்டா சுட்டுப் பழக்குங்கள், பிறகு 1 அவுன்ஸ் போட்டுப் பாருங்கள். துப்பாக்கியைத் தோளில் இறுக்கமாக வையுங்கள், பட்டும் படாமலும் வைத்தாலும் இப்படி ஆகும்.

கேள்வி: ஆயிரம் டாலரை ஒட்டி முடிக்க வேண்டும். விலை கூடிய பெரெட்டா ஏ400 எக்ஸெல் இல்லாமல் முடியாதா?

தாராளமாக முடியும். ஏ300 போதும். மிச்சப்படும் பணத்தில் தோட்டா வாங்கிச் சுடுங்கள், ஒரு நல்ல பயிற்சியாளரிடம் இரண்டு வகுப்பும் போங்கள். துப்பாக்கியின் விலையை விட அது உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதுதான் முக்கியம். அடுத்தவர் செருப்பைப் போட்டு நடப்பது போல்தான் அளவு சேராத ஸ்டாக் (தோளில் வைக்கும் பின்கட்டை).

கடையிலேயே பார்த்துவிடலாம். துப்பாக்கி காலி என்று கடைக்காரரும் நீங்களும் சரிபார்த்த பிறகு, ஆள் இல்லாத சுவரைப் பார்த்து நின்று கண்ணை மூடுங்கள். எப்போதும் போலத் தோளில் ஏற்றிக் கன்னத்தை ஸ்டாக்கில் பதியுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால் பேரலின் மேல்பட்டையும் நுனியில் உள்ள மணியும் நேர்கோட்டில் தெரிய வேண்டும். பட்டை தெரியாமல் ரிசீவரின் (போல்ட் இருக்கும் நடுப்பெட்டியின்) முதுகு மறைத்தால் ஸ்டாக் உங்களுக்குத் தாழ்வு, குறி கீழே போகும். பட்டை ஏகத்துக்குத் தெரிந்தால் உயரம், குறி மேலே போகும். மணி ஒரு பக்கமாக ஒதுங்கினால் பக்கவாட்டுச் சாய்வு சரியில்லை. பல துப்பாக்கிகளோடு ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வரும். அவற்றை மாற்றிப் போட்டே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கலாம்.

கேள்வி: மனைவிக்கு 20 கேஜ் வாங்கலாமா? வீட்டில் ஏற்கனவே 12 இருக்கிறது.

வாங்கலாம். கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறியது. ஆனால் நான் சொல்வதென்றால் கொஞ்சம் எடையுள்ள 12 கேஜ் கேஸ் துப்பாக்கியில் 7/8 அவுன்ஸ் தோட்டா. ஸ்டாக் நீளத்தை மட்டும் அவர் அளவுக்குக் குறைத்துக் கொடுங்கள். எடை குறைந்த 20 கேஜ் அதே ரவையோடு இதைவிடக் கூடுதலாக உதைக்கும்.

இரண்டும் வீட்டில் இருந்தால் ஒன்றை மறக்கவே கூடாது. 20 கேஜ் தோட்டா 12 கேஜ் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறைக்குள்) நழுவி, பேரல் தொடங்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ட்ரிகரை இழுத்தால் ஒன்றும் நடக்காது, பின்னாலிருந்து பார்த்தாலும் சேம்பர் காலியாகத் தெரியும். ஏற்றவில்லை போலிருக்கிறது என்று ஒரு 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் பேரல் வெடித்துக் கை போய்விடும். 20 கேஜ் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் வைத்ததே இதற்காகத்தான். பைகள் தனி, பாக்கெட்டுகள் தனி. ஒரே உடுப்பைப் போட்டுக்கொண்டு இரண்டையும் சுடாதீர்கள்.

கேள்வி: புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் சுட்டதைப் பார்த்தேன். அங்கே யாரும் செமி-ஆட்டோ வைத்திருக்கவில்லையே?

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். அந்த மட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பேரல் உள்ள துப்பாக்கிதான் வழக்கம். ஒலிம்பிக் ட்ராப்பின் தகுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு இரண்டு குண்டு வரை சுடலாம். இரண்டாவது குண்டு போகும்போது தட்டு இன்னும் தூரம் போயிருக்கும் என்பதால், மேல் கீழ் பேரல்களுக்கு வெவ்வேறு சோக் (ரவை எவ்வளவு பரவும் என்பதைக் கட்டுப்படுத்தும் குழல்முனைச் சுருக்கம்) போட்டுக்கொள்வார்கள். செமி-ஆட்டோவில் ஒரே பேரல், ஒரே சோக். இயந்திரம் மாட்டிக்கொள்ளும் பயமும் இரட்டைக் குழலில் இல்லை. பொழுதுபோக்காகச் சுடும் நமக்குச் செமி-ஆட்டோவில் இது ஒரு குறையே அல்ல.

கேள்வி: எந்த சோக்?

ஸ்கீட்டுக்கு ஸ்கீட் சோக், தட்டு எறியும் இடத்துக்கு 16 கஜம் பின்னால் நின்று சுடும் ட்ராப்புக்கு மாடிஃபைடு, ஸ்போர்ட்டிங்குக்கு இம்ப்ரூவ்டு சிலிண்டர். சுடும் ஒவ்வொரு இடத்திலும் மாற்றிக்கொண்டு நிற்க வேண்டாம்.

கேள்வி: பழைய ரெமிங்டன் 1100 ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

1963-இல் வந்த மாடல். இன்றைக்கும் அதன் மென்மைக்கு ஈடு சொல்லக் கஷ்டம். முன்கைப் பிடியைக் கழற்றச் சொல்லுங்கள், மறுத்தால் வந்துவிடுங்கள். அந்தக் கட்டையின் உட்பக்கம் விரிசல் இருக்கிறதா, மேகசின் குழாயில் துருப்பிடித்துக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒரு ரப்பர் ஓ-ரிங் இருக்கும். அது காய்ந்து வெடித்திருந்தால் பயப்படாதீர்கள், சில டாலரில் தீரும். அதைக் காட்டி விலையைக் கூடக் குறைக்கலாம். சோக் மாற்றும் வசதியுள்ள பேரல் என்றால் சோக்கைக் கழற்றிப் பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பேரலை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ட்ராப் வரிசையில் என் காலி ஷெல் பக்கத்தில் நிற்பவர் மேல் விழுகிறது. முறைக்கிறார்.

ஷெல் கேட்சர் என்று ஒரு சிறு பிடிப்பான் கிடைக்கும், மாட்டிக்கொள்ளுங்கள். உங்கள் முறை வரும்போது ஒரே ஒரு தோட்டா மட்டும் ஏற்றுங்கள். இடம் மாறும்போது துப்பாக்கி காலியாக, போல்ட் திறந்தே இருக்கட்டும். இரட்டைக் குழலை மடித்துவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவருக்கும் காலி என்று தெரியும். செமி-ஆட்டோவில் அப்படித் தெரியாது. ஆரஞ்சு நிறச் சேம்பர் கொடி ஒன்றைச் செருகிவிட்டால் பக்கத்தில் இருப்பவரும் நிம்மதியாக நிற்பார்.