கம்பிவழி இணையம் உள்ள வீட்டில் வைஃபை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வீடு கட்டும்போதே அறைதோறும் லேன் கேபிள் பதித்துவிட்டோம். ஃபைபர் மோடம் தரைத்தளத்தில் இருப்பதால் மாடியில் வைஃபை கிடைப்பதில்லை. சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரை அங்கே பயன்படுத்தலாமா?

பதில்: தாராளமாகப் பயன்படுத்தலாம். கான்கிரீட் தளத்தைத் துளைத்துச் செல்ல அலைகள் படும் பாட்டைச் சுவருக்குள் இருக்கும் கேபிள் மிச்சப்படுத்திவிடுகிறது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயிண்ட்' (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கேபிளைச் செருகினால் போதும். அது இல்லாத மாடல்களில், ரவுட்டரை முதலில் ஒரு கணினியுடன் மட்டும் இணைத்து, அதன் ஐபி முகவரியை (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் எண்) மாற்ற வேண்டும். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 தரலாம், ஆனால் மோடம் மற்ற கருவிகளுக்குத் தானாக வழங்கும் முகவரிகளுக்குள் அது வரக்கூடாது. பிறகு ரவுட்டரில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையை நிறுத்திவிடுங்கள். அந்த வேலையை மோடம் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டும் வழங்கத் தொடங்கினால் சில கருவிகளுக்கு இணையம் வரும், சிலவற்றுக்கு வராது, காரணமும் எளிதில் புலப்படாது.

சுவரிலிருந்து வரும் கேபிளை, வெளியிலிருந்து இணையம் வருவதற்கான வான் (WAN) போர்ட்டில் செருகாமல், வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட் ஒன்றில் செருகுங்கள். வான் போர்ட்டில் செருகினாலும் பெரும்பாலும் இணையம் வந்துவிடும் என்பதால் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். ஆனால் மாடி தனி வலையமைப்பாகப் பிரிந்துவிடுவதால், அங்குள்ள போனுக்குக் கீழே இருக்கும் பிரிண்டர் தென்படாது. டபிள்யூஇபி (WEP) என்ற வலுவற்ற பழைய பாதுகாப்பு முறை மட்டுமே உள்ள மிகப் பழைய ரவுட்டர் என்றால் இத்தனை சிரமமும் வேண்டாம், அதை ஒதுக்கிவிடுங்கள். குறைந்தது டபிள்யூபிஏ2 (WPA2) பாதுகாப்பு முறை இருக்க வேண்டும்.

கேள்வி: இரண்டு வைஃபைக்கும் ஒரே பெயர் வைக்கலாமா?

பதில்: வைப்பதே நல்லது. பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும்; சேனல் (வைஃபை பயன்படுத்தும் அலைவரிசைப் பகுதி) மட்டும் வேறுபட வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சேனல்கள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மோடம், ரவுட்டர் இரண்டில் எதற்கு எப்போது மாறுவது என்பதைப் பெரும்பாலும் போனே தீர்மானிக்கிறது. ஆகவே மாடியேறிய பின்னும் அது கீழ்த்தளச் சிக்னலையே பிடித்துக்கொண்டிருந்தால், கீழேயுள்ள கருவியின் அலைபரப்புத் திறனைக் கூட்டாமல் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: இதற்குப் பதிலாக, வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கினால் என்ன?

பதில்: கேபிள் இல்லாத வீட்டுக்கு அது வேறு வழியில்லாத ஏற்பாடு. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். கேபிள் உள்ள உங்களுக்கு அது வீண் செலவு.

கேள்வி: எங்கள் இணையத் திட்டம் 200 எம்பிபிஎஸ். மாடியில் ஆக்சஸ் பாயிண்ட் வைத்த பிறகும் வேகம் 95-ஐத் தாண்டவில்லையே?

பதில்: 95 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது: வழியில் ஏதோ ஓர் இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றுவிட்டது. கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட் உள்ள மடிக்கணினியை மாடிச் சுவர்க் கேபிளில் நேரடியாகச் செருகி அளந்து பாருங்கள். அதில் முழு வேகம் வந்தால் குறை ஆக்சஸ் பாயிண்ட்டின் போர்ட்டில் இருக்கிறது. கிகாபிட் போர்ட் உள்ள வேறொன்றை வாங்க வேண்டியதுதான். அங்கும் 95 என்றால், மோடத்தில் கேபிள் செருகியுள்ள போர்ட் கிகாபிட்தானா என்று உறுதிசெய்துகொண்டு, கேபிளின் இரு முனைகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் 8 கம்பிகளில் 4 மட்டும் இணைக்கப்பட்டிருந்தால் 100-க்கு மேல் போகாது. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கேபிள் கேட்-5இ (Cat 5e) ரகமாக இருந்தாலே 100 மீட்டர் வரை கிகாபிட் வேகம் தாங்கும் என்பதால், சுவரை உடைத்துப் புதிதாக இழுக்க வேண்டியதில்லை, முனைகளை மட்டும் புதிதாகக் கிரிம்ப் செய்தால் (பிளக்கை அழுத்திப் பொருத்தினால்) போதும்.