பதவி வந்துவிட்டது, அதிகாரம் இன்னும் வரவில்லை

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். மருத்துவக் கருவிகள் விற்கும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வயது 39. போன நிதியாண்டின் முடிவில் என்னை விற்பனைப் பிரிவின் தலைவராக்கினார்கள். எனக்குக் கீழே பதினான்கு பேர். அவர்களில் ஒருவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். இந்தப் பதவி தனக்குத்தான் வரும் என்று நம்பியிருந்தார். மற்றவர்களும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

அவர் என்னோடு சண்டை போடுவதில்லை. ஆனால் நான் முடியாது என்று சொன்ன தள்ளுபடிக்கு, நேராக இயக்குநரின் அறைக்குப் போய் ஒப்புதல் வாங்கி வந்துவிடுகிறார். 'பழைய வாடிக்கையாளர்தானே, கொடுத்துவிட்டேன்' என்று இயக்குநர் எனக்குப் பிறகுதான் சொல்கிறார். இப்போது இன்னும் இரண்டு பேர் அதே வழியைப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்தில் நான் பேசி முடித்தால், 'நீ சொல்றது சரிதாம்மா, ஆனா...' என்று ஆரம்பிக்கிறார். நான் இன்றைக்கும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறேன்.

கூட்டக் குறிப்பு எழுதுவது, புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, கணக்குப் பிரிவோடு தகராறு வந்தால் சமாதானம் பேசுவது, ஆண்டு விழா ஏற்பாடு என்று முன்பு செய்த வேலைகளும் என் தலையிலேயே இருக்கின்றன. விற்பனைத் திட்டத்தை இரவில் வீட்டில் உட்கார்ந்துதான் போடுகிறேன்.

மதிப்பீட்டில் இயக்குநர் 'இன்னும் உறுதி வேண்டும்' என்று எழுதினார். அடுத்த மாதமே ஒரு கூட்டத்தில் பொறுமையிழந்து குரலை உயர்த்திவிட்டேன். 'மேடம் ரொம்ப எமோஷனல்' என்று பேச்சு பரவியது. மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை. 'இந்தத் தலைவலி எதற்கு, பழைய வேலையையே கேட்டு வாங்கிக்கொள்' என்கிறார் கணவர். எனக்குத் தலைமைக் குணமே இல்லையோ என்று தோன்றுகிறது. பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் குணத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சம்பவங்களில் பெரும்பாலானவை, முடிவுகள் எந்த வழியாகப் போகின்றன என்பதைப் பற்றியவை. உங்களிடம் கேட்க வேண்டியதை இன்னொருவரிடம் கேட்டு வாங்க முடிகிறது என்றால், அந்த நாற்காலியில் எவ்வளவு உறுதியானவர் உட்கார்ந்தாலும் இதேதான் நடக்கும். ஆகவே பதவியைத் திருப்பிக் கொடுப்பதைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். அந்த வழியை அடைத்த பிறகு யோசிக்கலாம்.

உங்கள் மூத்த சகாவோடு முதலில் பேசத் தோன்றும். அதைத் தள்ளிப்போடுங்கள். முதல் பேச்சு இயக்குநரோடுதான். அவர் அறைக்குப் போனால் தள்ளுபடி கிடைக்கிறது என்பதுதான் அந்தப் பழக்கத்துக்குத் தீனி. அவர் ஐந்து முறையில் மூன்று முறை மறுத்தாலும் பழக்கம் நிற்காது. எப்போதாவது பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட மெதுவாகத்தான் மறையும் என்பது உளவியலில் நெடுங்காலமாக உறுதியான செய்தி. அதனால் 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் சார்' என்று அவரிடம் கேட்பதால் பயனில்லை. முழுதாக நிறுத்தச் சொல்ல வேண்டும்.

இதற்காக இயக்குநரிடம் அரை மணி நேரம் கேளுங்கள். எவரைப் பற்றிய புகாரையும் எடுத்துப் போகாதீர்கள். புகார் சொன்ன மறுகணமே அவர் இருவருக்கும் நடுவே நீதிபதியாகிவிடுவார்; நீதிபதிக்குச் சமரசம்தான் எளிது. ஒரே ஒரு பக்கம் எடுத்துப் போங்கள். எத்தனை சதவீதம் வரை விற்பனையாளரே தள்ளுபடி தரலாம், எது வரை உங்கள் ஒப்புதல், எதற்கு மேல் இயக்குநரின் ஒப்புதல் என்று மூன்று படிகளாக அதில் எழுதுங்கள். கடன் தவணை, புதிய வாடிக்கையாளர், காலாண்டுக் கடைசியில் வரும் அவசர ஆர்டர் ஆகியவற்றுக்கும் இதே படிகள் வேண்டும். இயக்குநரின் படிக்குப் போகும் கோரிக்கையும் உங்கள் பரிந்துரையோடுதான் போக வேண்டும் என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். பக்கத்தின் அடியில், சென்ற காலாண்டில் உங்களைத் தாண்டிப் போன தள்ளுபடிகளையும் அவற்றால் லாப விகிதம் எவ்வளவு குறைந்தது என்பதையும் எண்களாகப் போடுங்கள். பெயர்கள் வேண்டாம். ஆர்டர் எண்கள் போதும்.

பிறகு அவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: 'என் பிரிவிலிருந்து யார் நேராக வந்தாலும், மேடத்திடம் பேசிவிட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள் சார். பதில் என் வழியாகப் போகட்டும்.' அவருக்கு இதில் கூடுதல் வேலை எதுவும் இல்லை. அன்றே, பேசி ஒப்புக்கொண்டதை நான்கு வரி மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். 'அவர் பழைய ஆள், என்னால் மறுக்க முடியாது' என்று அவர் தயங்கினால், விற்பனை இலக்கோடு லாப இலக்கும் உங்கள் பெயரில் இருப்பதை நினைவுபடுத்துங்கள். விலையை வேறொருவர் தீர்மானிக்கும் இடத்தில் லாபத்துக்கு நீங்கள் எப்படிப் பதில் சொல்ல முடியும்? இதைக் குரல் உயர்த்தாமல் கேட்கலாம், ஆனால் கேட்டே ஆக வேண்டும்.

வழி அடைபட்டதும் முதல் சில வாரங்களில் முயற்சிகள் கூடும். வராண்டாவில் நிறுத்திக் கேட்பார்கள், வாடிக்கையாளரையே இயக்குநருக்குத் தொலைபேசியில் பேச வைப்பார்கள். திட்டம் தோற்றுவிட்டது என்று அப்போது தோன்றும். வழக்கமாகப் பலன் கிடைத்துவந்த இடத்தில் பலன் நின்றால் மனிதர்கள் விடுவதற்கு முன் இன்னும் அழுத்திப் பார்ப்பார்கள். இதை இயக்குநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த வாரங்களில் அவர் ஒரே ஒரு முறை இளகினாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இனி அந்த மூத்தவர். இயக்குநரின் ஒப்புதல் கையில் வந்த பிறகு அவரோடு தனியாகப் பேசுங்கள். அவருடைய ஏமாற்றம் உண்மையானது. அதை ஒரு வாக்கியத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் பதவி கிடைத்ததற்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வந்துவிடக் கூடாது. 'இந்தப் பதவியை நீங்கள் எதிர்பார்த்தீர்கள் என்று எனக்குத் தெரியும் சார். உங்களிடம் கற்றதை நான் மறக்கவில்லை. இனிமேல் தள்ளுபடி முடிவுகள் என்னிடம்தான் வர வேண்டும். எனக்குத் தெரியாமல் இயக்குநரிடம் போகும் கோரிக்கை திரும்பி என்னிடமே வரும்.' இவ்வளவு சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்து வரும் மௌனத்தை நிரப்பப் பார்த்து, சொன்னதை நீங்களே தளர்த்திவிடுவதுதான் இந்த இடத்தில் வழக்கமாக நேர்வது.

அதே சந்திப்பில் அவருக்கென்று உண்மையான பொறுப்பு எதையாவது கொடுங்கள். பெரிய பழைய வாடிக்கையாளர்கள் சிலரை முழுதாக அவரிடம் விடலாம். முதல் படியை விடச் சற்று உயர்ந்த தள்ளுபடி வரம்பை அவர்களுக்கு மட்டும் அவருக்கு எழுதிக் கொடுக்கலாம். வெறும் பட்டம் கொடுத்தால் அவருக்குப் புரிந்துவிடும், உறவு இன்னும் கெடும். மறுபக்கம், அவர் மனம் நோகுமே என்று எல்லாவற்றுக்கும் அவரைக் கலந்து பேச ஆரம்பித்தால், பிரிவுக்கு இரண்டு தலைவர்கள் என்று மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள்.

அவரை நீங்கள் 'சார்' என்று கூப்பிடுவதை மாற்றத் தேவையில்லை. வயதுக்கான மரியாதையும் முடிவெடுக்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கூட்டத்தில் அவர் உங்களை அழைப்பதைப் பற்றி மட்டும் தனியே ஒருமுறை சொல்லுங்கள்: 'தனியாகப் பேசும்போது எப்படிக் கூப்பிட்டாலும் பரவாயில்லை சார். கூட்டத்தில் மற்றப் பிரிவுத் தலைவர்களைக் கூப்பிடுவது போலவே என்னையும் கூப்பிடுங்கள்.' எல்லோர் முன்னும் திருத்தாதீர்கள். அவருக்கு அது அவமானம், உங்களுக்கு அதில் லாபம் இல்லை.

உங்கள் தலையில் தங்கிவிட்ட பழைய வேலைகளுக்கு வருகிறேன். லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் முதலிய ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனைகளில், யாராவது செய்தே ஆக வேண்டிய, செய்பவருக்குப் பலன் குறைவான வேலைக்கு, ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். ஆண்கள் மட்டும் இருந்த குழுக்களில் ஆண்களும் பெண்களுக்கு இணையாக முன்வந்தார்கள். இது பெண்களின் பிறவிக் குணம் என்று சொல்ல முடியாது. பெண்கள் இருக்கும் இடத்தில் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதுதான் காரணம். வேலையை ஒருவரிடம் கேட்டு ஒப்படைக்கும் பொறுப்பைத் தனி ஆளிடம் கொடுத்தபோதும் பெண்களைத்தான் 44 சதவீதம் அதிகமாகக் கேட்டார்கள். கேட்டது ஆணா பெண்ணா என்பதால் மாற்றமில்லை.

இதைப் படித்ததும் நாளையே எல்லாவற்றையும் உதறத் தோன்றும். பொறுங்கள். மேட்லின் ஹெயில்மனும் ஜூலி சென்னும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சக ஊழியருக்கு உதவிய ஆணின் மதிப்பு உயர்ந்தது, உதவிய பெண்ணின் மதிப்பு உயரவில்லை. உதவ மறுத்தபோது பெண்ணின் மதிப்பு இறங்கியது, ஆணுக்கு அப்படி இல்லை. இது அநியாயம்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு நகர்வதே நல்லது. 'நான் செய்ய மாட்டேன்' என்று சொல்வதைவிட, எல்லோருக்கும் பொதுவான முறை கொண்டுவருவதில் உங்களுக்கு இழப்பு குறைவு. கூட்டத்தை நடத்துபவர் குறிப்பு எழுதினால் இரண்டும் கெடும் என்ற காரணத்தைச் சொல்லி, அகர வரிசைப்படி மற்றவர்களுக்கு முறை வையுங்கள். யாராவது மறந்தால் நீங்கள் எழுதிவிடாதீர்கள். குறிப்பு இல்லாமல் போகட்டும், அடுத்த கூட்டத்தில் அவரிடமே கேளுங்கள். ஆண்டு விழாவை அடுத்த பிரிவுக்கு மாற்றக் கேட்கலாம். புதியவர்களின் பயிற்சியை மட்டும் முழுதாக விட வேண்டாம். அதை யார் செய்தாலும் மதிப்பீட்டுப் படிவத்தில் எண்ணாக ஏறும்படி செய்யுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரிய, இரண்டு வாரம் அரை மணிக்கு ஒருமுறை என்ன செய்தீர்கள் என்று எழுதிவாருங்கள். இலக்கோடு நேரடியாகத் தொடர்புடையவை, குழுவை வளர்ப்பவை, யார் வேண்டுமானாலும் செய்யக்கூடியவை என்று பிரித்துப் பாருங்கள். இரவில் வீட்டுக்கு வரும் விற்பனைத் திட்டத்துக்குப் பகலில் கிடைக்காத நேரம் மூன்றாவது வகையில்தான் ஒளிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

குரல் உயர்த்தியதை நினைத்து உங்களை வாட்டிக்கொள்ள வேண்டாம். விக்டோரியா பிரெஸ்காலும் எரிக் உல்மனும் 2008இல் வெளியிட்ட ஆய்வில், கோபப்பட்ட ஆணுக்குச் சூழ்நிலை காரணம் என்று பார்த்தவர்கள், கோபப்பட்ட பெண்ணுக்கு அவள் சுபாவமே காரணம் என்று பார்த்தார்கள். அதனால் அவள் மதிப்பும் இறங்கியது. கோபத்துக்கான வெளிக்காரணத்தைப் பெண் சொன்னபோது அந்த இறக்கம் மறைந்தது. எனவே கோபம் வந்தால் காரணத்தை அதே மூச்சில் சொல்லிவிடுங்கள்: 'ஒப்புதல் இல்லாமல் விலை பேசியதால் இந்த ஆர்டரில் நமக்கு நஷ்டம். அதனால்தான் கோபப்படுகிறேன்.' 'இன்னும் உறுதி வேண்டும்' என்ற மதிப்பீட்டை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த முடிவில், எந்தக் கூட்டத்தில், என்ன செய்திருந்தால் உறுதி என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். உதாரணம் சொல்ல முடியாத கருத்து அடுத்த மதிப்பீட்டிலும் அப்படியே திரும்பி வரும்.

உடம்பையும் கவனிக்க வேண்டும். எப்போது தூங்கினாலும் தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். விழித்து ஏறக்குறைய இருபது நிமிடத்தில் தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் எதையாவது படித்துவிட்டு, கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள். படுக்கையில் அலுவலக மின்னஞ்சல் வேண்டாம். வாரத்தில் குறைந்தது மூன்று இரவு இப்படியே மூன்று மாதம் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. மருத்துவரிடம் போங்கள். தூக்கத்துக்கான அறிதல் நடத்தைச் சிகிச்சையைத்தான், அதாவது தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிகிச்சையைத்தான், முதலில் பரிந்துரைக்கிறார்கள். எதிலும் பிடிப்பில்லாமல், மனம் சோர்ந்தே இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டாம்.

உங்கள் கணவர் பார்ப்பது உங்கள் களைப்பை மட்டும். மேலே சொன்ன திட்டத்தை அவரிடம் சொல்லி, ஒரு காலாண்டு வரை அறிவுரை சொல்லாமல் துணையாக மட்டும் இருக்கக் கேளுங்கள்.

அந்தக் காலாண்டின் முடிவுத் தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்துவையுங்கள். எழுத்தில் ஒப்புக்கொண்ட பிறகும் இயக்குநர் தள்ளுபடிகளைக் கொடுத்துக்கொண்டே இருந்தால், அந்தப் பதவியில் அவர் உங்களை உண்மையில் வைக்கவில்லை என்று பொருள். அப்போதும் பழைய வேலையைக் கேட்காதீர்கள். இப்போதைய நிலைக்குக் குறையாத வேறு பிரிவுத் தலைமையைக் கேளுங்கள், உள்ளே கிடைக்காவிட்டால் வெளியே தேடுங்கள். அங்கே போவதற்கு முன், தள்ளுபடியிலும் ஆள் நியமனத்திலும் கடைசிச் சொல் யாருடையது என்பதை நேர்காணலிலேயே கேட்டு, பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.