ஹாம் சந்திப்புப் படங்களில் பட்டையும் இருண்ட முகமும்

ஹாம்ஃபெஸ்ட் (ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்களின் சந்திப்பு) அரங்கில் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக விழுகிறது, ரேடியோ முன் உட்கார்ந்திருப்பவர் முகம் இருண்டு போகிறது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு கோளாறு.

பட்டைக்குக் காரணம் விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுங்கும். நீங்கள் வைத்த 1/500 நொடி, சைலண்ட் ஷட்டர் (சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்) இரண்டையும் விடுங்கள். மெக்கானிக்கல் ஷட்டர், ஒரு மினுங்கல் முழுதாக அடங்கும் 1/100 நொடி, லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. படத்தில் கொஞ்சம் புள்ளி தட்டினாலும் பரவாயில்லை. ரேடியோ டிஸ்ப்ளேயில் எண்கள் அரைகுறையாக வந்தால் 1/50க்கு இறங்குங்கள்.

முகம் இருள்வது லேப்டாப் திரையால். அந்த வெளிச்சத்தைப் பார்த்து கேமரா எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியின் அளவை) குறைத்துவிடுகிறது. ஸ்பாட் மீட்டரிங்கை (ஒரு சிறு புள்ளியில் மட்டும் ஒளியை அளக்கும் முறை) முகத்தில் வையுங்கள். மாநிறம் வெளுத்துப்போனால் எக்ஸ்போஷரை அரை ஸ்டாப் (ஒளி அளவின் அரைப் படி) குறையுங்கள். முதுகுப் பக்கம் நிற்காமல், மேசைக்கு எதிர்ப்புறம் ரேடியோவை ஒட்டி, கண் மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இரைச்சலுக்குள் மெல்லிய சிக்னலைத் தேடுகிறவர் எரிச்சலாவார், நியாயம்தான்.

பேசும்போது எடுத்தால் வாய் கோணலாகத்தான் வரும். மைக் பட்டனை விட்டுவிட்டுக் கேட்கும் நொடிக்குக் காத்திருங்கள்: ஒரு கை ஹெட்ஃபோனை அழுத்தும், பேனா லாக் தாள் (தொடர்புகளைக் குறித்துவைக்கும் தாள்) மேல் நிற்கும். அப்போது அழுத்துங்கள்.

பேட்ஜில் கால் சைன் (ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளக் குறி) தெரிந்தால் பதிவேற்றும் முன் உரியவரிடம் கேளுங்கள். அதை வைத்து இணையத்தில் தேடினால் பலருடைய வீட்டு முகவரியே கிடைத்துவிடும்.